பல் மருத்துவர் சங்கக் கிளை: செயலாளரின் ஆண்டறிக்கை, 2024–25

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களே, செயற்குழு நண்பர்களே, மூத்த உறுப்பினர்களே, அனைவருக்கும் வணக்கம்.

2024 ஏப்ரல் முதல் 2025 மார்ச் வரை நமது கிளை செய்த பணிகளைப் பொதுக்குழுவின் முன் வைக்கிறேன். வழக்கமான காரியங்களை முதலில் சொல்லிவிடுகிறேன். மாதாந்திரக் கூட்டங்கள் மழையால் தள்ளிப்போன நவம்பர் நீங்கலாக ஒழுங்காக நடந்தன. நம்மை விட்டுப் பிரிந்த மூத்த உறுப்பினருக்குச் செப்டம்பர் கூட்டத்தில் அஞ்சலி செலுத்தினோம். மார்ச் 20, உலக வாய் நல நாளன்று அரசுப் பள்ளியில் முகாம் நடத்தினோம். வரவு செலவுக் கணக்கைப் பொருளாளர் தனியே படிப்பார்.

அப்புறம், இந்த ஆண்டின் பெரும்பகுதியை நாம் ஒரே நோய்க்குக் கொடுத்தோம். அது நோமா. 2023 டிசம்பரில் உலக சுகாதார நிறுவனம் அதைப் புறக்கணிக்கப்பட்ட வெப்பமண்டல நோய்களின் பட்டியலில் சேர்த்தது. அதற்கான கோரிக்கையை முன்னின்று எடுத்துச் சென்றது நைஜீரிய அரசு. அந்தச் செய்தியை நமது துணைத்தலைவர் ஏப்ரல் கூட்டத்தில் வாசித்தபோது, கல்லூரியில் ஒரு பக்கத்தில் படித்துக் கடந்துபோன நோய்தானே என்றுதான் பலருக்கும் தோன்றியது. ஒரு கூட்டத்தோடு முடிப்பதாக இருந்தது. அது ஆண்டு முழுக்க நீண்டது.

நோமா பெரும்பாலும் இரண்டு முதல் ஆறு வயதுக் குழந்தைகளுக்கு வருகிறது. சகாராவுக்குத் தெற்கே நைஜர், நைஜீரியா, புர்க்கினா பாசோ போன்ற நாடுகளில் அதிகம். தொடக்கம் ஈறில். இரண்டு பற்களுக்கு நடுவே முக்கோணமாக நிற்கும் ஈறின் நுனி முதலில் கரைகிறது. இணைச் செயலாளர் திரையில் காட்டிய படத்தில் அந்த நுனி கிள்ளி எடுத்தாற்போல் குழிந்து, மேலே சாம்பல் நிறப் படலம் படிந்திருந்தது. தொட்டால் ரத்தம், வாயைத் திறந்தால் துர்நாற்றம். அந்தக் கட்டத்தில் அமாக்சிசிலின், மெட்ரோனிடசோல், வாய் சுத்தம், நல்ல சத்துணவு, இவ்வளவு போதும். நம் ஊர் மருந்துக்கடையில் எந்நேரமும் கிடைக்கிற மாத்திரைகள். விட்டுவிட்டால் சில நாட்களில் கன்னம் வீங்கும், தோல் கறுக்கும், கன்னமும் உதடும் அழுகி விழும், எலும்பு வெளியே தெரியும். சிகிச்சை கிடைக்காத குழந்தைகளில் 100க்கு 90 பேர் வரை இறந்துவிடுகிறார்கள், பலர் இரண்டே வாரத்துக்குள். ஆண்டுக்கு 1,40,000 குழந்தைகளுக்கு வருகிறது என்று 1998இல் உலக சுகாதார நிறுவனம் மதிப்பிட்டது. இன்றைக்கும் எடுத்துச் சொல்லப்படுவது அந்தப் பழைய கணக்குதான். சாலையோ மருத்துவமனையோ இல்லாத கிராமங்களில் இறக்கும் குழந்தைகளை யார் எண்ணுவது?

ஜூலை கூட்டத்தில் கிருமிகளைப் பற்றி நல்ல விவாதம் நடந்தது. நைஜீரிய ஆய்வாளர் சிரில் என்வோன்வு குழுவினர் இந்தப் புண்களில் பியூசோபாக்டீரியம் நெக்ரோபோரம், பிரிவோடெல்லா இன்டர்மீடியா ஆகியவற்றைக் கண்டார்கள். முதலாவது, கால்நடைகளிடம் காணப்படும் கிருமி. ஆடுமாடுகளோடு ஒட்டி வாழும் வீடுகளில் சாணம் கலந்த தண்ணீர் வழியாகக் குழந்தையின் வாய்க்கு வரலாம் என்பது அவர்கள் கருத்து. பின்னால் வந்த மரபணு ஆய்வுகளில் அந்தக் கால்நடைக் கிருமி எல்லா நோயாளிகளிடமும் அகப்படவில்லை. மற்றவை பெரும்பாலும் நம் எல்லார் வாயிலும் சாதாரணமாகக் குடியிருப்பவை. நோமா ஒருவரிடமிருந்து ஒருவருக்குத் தொற்றுவதில்லை. எடை குறைந்த குழந்தைக்குத் தட்டம்மை வந்து, அல்லது மலேரியா வந்து, எதிர்ப்புச் சக்தி அடியோடு சரிந்த நேரத்தில் அதே கிருமிகள் திசுவைத் தின்னத் தொடங்குகின்றன. எந்தக் கிருமி என்ற ஆராய்ச்சி முக்கியம்தான். ஆனால் அந்தக் குழந்தைக்குச் சோறும் தட்டம்மை ஊசியும் கிடைத்ததா என்ற கேள்வியை அதற்கு முன்னால் கேட்க வேண்டும் என்பது என் உறுதியான எண்ணம்.

இதற்கு வரலாறும் சாட்சி. ஒருகாலத்தில் ஐரோப்பாவின் ஏழைக் குழந்தைகளுக்கும் நோமா வந்தது. பென்சிலின் வருவதற்கு முன்பே, உணவும் வசிப்பிடமும் மேம்பட்டதும் அங்கே மறைந்துபோனது. பிறகு நாஜிகளின் முகாம்களில், ஔஷ்விட்ஸில் அடைக்கப்பட்ட ரோமா இனக் குழந்தைகளிடம், திரும்ப வந்தது. பட்டினி போட்டதும் வந்துவிட்டது. இதைக் கேட்ட பிறகு அன்று மேற்கொண்டு யாரும் பேசவில்லை, கூட்டத்தை அத்துடன் முடித்துக்கொண்டோம்.

உயிர் பிழைத்தவர்களைப் பற்றியும் பேசினோம். வடமேற்கு நைஜீரியாவின் சொக்கோட்டோ நகரில் 1999இல் தொடங்கப்பட்ட நோமா குழந்தைகள் மருத்துவமனை இருக்கிறது. 2014 முதல் எல்லைகளற்ற மருத்துவர்கள் அமைப்பு அதற்குத் துணை நிற்கிறது. சிகிச்சை இலவசம். தழும்பு இறுகித் தாடை பூட்டிக்கொண்டதால் வாயைத் திறக்கவே முடியாதவர்கள் அங்கே வருகிறார்கள். அவர்களுக்கு மயக்க மருந்து கொடுப்பதே பெரும் சவால் என்று அறுவைச் சிகிச்சை செய்யும் நம் உறுப்பினர் விளக்கினார். அங்கே நோயாளியாகச் சேர்ந்து, முகம் சீரமைக்கப்பட்ட முலிகாத் ஒகான்லாவோன் இன்று அதே மருத்துவமனையில் பணிபுரிகிறார். புர்க்கினா பாசோவில் சிறுவயதில் இந்நோய் வந்து பிழைத்த ஃபிடெல் ஸ்ட்ரூபும் அவரும் சேர்ந்து நோமாவிலிருந்து மீண்டவர்களுக்கென ‘எலிசியம்’ என்ற சங்கத்தை நிறுவினார்கள். உலக சுகாதார நிறுவனத்தின் கதவைத் தட்டியவர்களில் அவர்களும் உண்டு. முகத்தை மறைத்து வீட்டுக்குள்ளேயே கிடந்தவர்கள் மேடை ஏறிப் பேசியதால்தான் உலகம் திரும்பிப் பார்த்தது. மனமார அவர்களை வணங்குகிறேன்.

செயற்குழுவில் ஓர் உறுப்பினர் நியாயமான கேள்வி ஒன்றை எழுப்பினார். நம் கிளினிக்குகளில் யாரும் பார்த்திராத நோய்க்கு ஓராண்டா? அவருக்கு அன்று சொன்னதை இங்கேயும் சொல்கிறேன். தென்னிந்தியக் குழந்தைகளிடம் காணும் கடும் ஈறு அழுகலைப் பற்றி டென்மார்க்கைச் சேர்ந்த வாய் நோயியல் அறிஞர் பின்ட்போர்க், இங்குள்ள மருத்துவர்களோடு சேர்ந்து 1966இல் எழுதியிருக்கிறார். அடுத்த ஆண்டே, புரதச்சத்துக் குறைந்த தென்னிந்தியக் குழந்தைகளின் வாயைப் பற்றியும் எழுதினார். அது நம் பெற்றோர்கள் தலைமுறை. இன்று நிலைமை வெகுவாக மாறியிருக்கிறது, சந்தோஷம். ஆனால் எடை குறைந்த குழந்தைகள் இன்னும் இருக்கிறார்கள். அவர்கள் நம் கிளினிக்குக்கு வருவதில்லை, அங்கன்வாடிக்குத்தான் வருகிறார்கள்.

ஆகவே அங்கன்வாடிப் பணியாளர்களிடம் போனோம். இந்த ஆண்டில் எனக்கு மிகவும் நிறைவு தந்த வேலை இதுதான். மாதாமாதம் குழந்தைகளை எடை போடுபவர்கள் அவர்கள். மேல்கையின் நடுச்சுற்றளவு 11.5 சென்டிமீட்டருக்குக் கீழே போனால் கடும் சத்துக்குறைவு என்பது அவர்களுக்கு நம்மைவிட நன்றாகத் தெரியும். எடை போடும்போதே உதட்டைத் தூக்கி ஈறைப் பாருங்கள் என்று மட்டும் கேட்டுக்கொண்டோம். பயிற்சியில் ஒரு பணியாளர், “பிள்ளை சாப்பிட மாட்டேங்குது, வாய் நாறுதுன்னு சொன்னா, பல்லு முளைக்குது, சூடுன்னு வீட்ல சொல்லிடுறாங்க டாக்டர்” என்றார். இன்னொருவர் மணத்தக்காளிக் கீரையும் தேங்காய்ப்பாலும் கொடுக்கலாமா என்று கேட்டார். சாதாரண வாய்ப்புண்ணுக்குக் கொடுங்கள், கீரை நல்லதுதான்; ஆனால் ஈறின் நுனி கரைந்து, சாம்பல் நிறம் படிந்து, நாற்றமும் காய்ச்சலும் இருந்தால் ஒருநாள்கூடக் காத்திருக்காமல் அனுப்புங்கள் என்று இணைச் செயலாளர் படத்தை வைத்துக் காட்டினார். மூன்று வயதுக் குழந்தைக்கு வாய் கொப்பளிக்கத் தெரியாது. வெதுவெதுப்பான உப்பு நீரில் நனைத்த சுத்தமான துணியால் துடைத்துவிடுவதைச் செய்தே காட்டினோம். ஒன்பதாம் மாதத் தட்டம்மை ஊசியும், ஒன்றரை வயதில் போடும் இரண்டாம் தவணையும் தவறாமல் போட்டிருக்கிறதா என்று அட்டையில் பார்க்கச் சொன்னோம். ஈறு நோய்க்கும் தட்டம்மை ஊசிக்கும் என்ன சம்பந்தம் என்று யாரும் கேட்கவில்லை. படங்களைப் பார்த்ததும் அவர்களுக்கே புரிந்துவிட்டது.

ஜனவரியில் இளம் உறுப்பினர் ஒருவர் வேறொரு ஈறு நோய் குறித்த மொராக்கோ ஆய்வைப் பற்றிப் பேசினார். ரபாத் நகரில் வளரிளம் பருவத்தினரை இரண்டு ஆண்டு பின்தொடர்ந்து, 2008இல் ‘லான்செட்’ இதழில் வெளியான ஆய்வு அது. அக்ரிகேட்டிபாக்டர் கிருமியின் ‘ஜேபி2’ என்ற வகையைச் சுமந்தவர்களுக்கு, அந்தக் கிருமியே இல்லாதவர்களைவிடப் பல்லைத் தாங்கும் திசு நலியும் வாய்ப்பு 18 மடங்கு. சரியான நேரத்தில் வந்த நினைவூட்டல். பதினாறு வயதுப் பையனின் கீழ்முன்பல் ஆடினால், துலக்குவது சரியில்லை என்று திட்டி அனுப்பாமல் எக்ஸ்ரே எடுங்கள் என்று எல்லா உறுப்பினர்களையும் கேட்டுக்கொள்கிறேன்.

குறைகளும் உண்டு. மலையடிவாரக் கிராமங்களின் அங்கன்வாடிகள் பலவற்றுக்கு நாம் இன்னும் போகவில்லை. கிராம சுகாதார செவிலியர்களுக்கான பயிற்சிக்கு அனுமதி கேட்டு எழுதிய கடிதத்துக்குப் பதில் வரவில்லை, நேரில் போய்க் கேட்கத் தீர்மானித்திருக்கிறோம். ஈறுப் படஅட்டை அச்சிட்டதில் எழுத்து சின்னதாகிவிட்டது என்று பணியாளர்கள் சொன்னார்கள். மறுபதிப்பில் படம் பெரிதாகவும் எழுத்து குறைவாகவும் இருக்கும். அதற்கான செலவுக்குப் பொதுக்குழுவின் ஒப்புதல் வேண்டும். சத்துக்குறைவால் ஊட்டச்சத்து மறுவாழ்வு மையத்தில் சேர்க்கப்படும் ஒவ்வொரு குழந்தையின் வாயையும் நம் உறுப்பினர் ஒருவர் வாரம் ஒருநாள் போய்ப் பார்ப்பது என்ற தீர்மானமும் இன்று வாக்கெடுப்புக்கு வருகிறது. முறை வைத்துப் போக ஆறு பேர் இருந்தால் போதும். கூட்டம் முடிந்ததும் பெயர் கொடுப்பவர்களுக்காக இணைச் செயலாளர் பதிவேட்டுடன் வாசலருகே இருப்பார்.

அரங்கு தந்த பள்ளி நிர்வாகத்துக்கும், விடுமுறை நாளில் பயிற்சிக்கு வந்த அங்கன்வாடிப் பணியாளர்களுக்கும் கிளையின் சார்பில் நன்றி. அறிக்கையை ஒப்புதலுக்கு முன்வைக்கிறேன்.

செயலாளர்