மாத்திரையைத் தூக்கி எறியச் சொன்ன செண்பகத்துக்கு

பாளையங்கோட்டை

அன்புள்ள செண்பகம்,

உன் கடிதம் வந்தது. இங்கே அனைவரும் நலம். பேத்திக்கு அம்மை போட்டு இறங்கிவிட்டது. அவர் வழக்கம்போல் ஓய்வூதியக் கணக்கை வைத்து யாருடனோ சண்டையிட்டுக்கொண்டிருக்கிறார். அலமேலுவின் மகன் திருமணத்துக்கு நான் வராததற்காக நீ எழுதியிருந்த வசவை இரண்டு முறை படித்துச் சிரித்தேன். அந்த வசவின் அடியில் நீ எழுதியிருந்த கேள்விதான் சிரிக்க விடவில்லை. மார்பகப் புற்றுநோய்க்கு அறுவை சிகிச்சை முடிந்தது, கீமோ முடிந்தது, கரண்ட் வைத்ததும் (கதிர்வீச்சு) முடிந்தது, இனி ஒன்றுமில்லை என்று மருத்துவரே சொல்லிவிட்டார். பிறகு எதற்காக, நடக்கவும் விடாமல் உறங்கவும் விடாமல் படுத்துகிற அந்த மாத்திரையை இன்னும் விழுங்குகிறாய், தூக்கி எறிந்தால் என்ன என்று கேட்டிருக்கிறாய்.

வேறு யாராவது கேட்டிருந்தால் பேச்சை மாற்றியிருப்பேன். நீ கேட்டதால் பதில் நீளும். வாழ்நாள் முழுவதும் வேதியியல் நடத்தியவளிடம் கேட்டால் இதுதான் கதி.

உன் கோபத்தில் நியாயம் இருக்கிறது. லெட்ரோசோல் என்ற அந்த மாத்திரையைத் தொடங்கிய சில மாதங்களிலேயே காலையில் கைவிரல்கள் மடங்க மறுத்தன. மல்லிகைச் சரம் தொடுப்பதில் என்னை மிஞ்ச ஆளில்லை என்று விடுதியில் நான் அடித்துக்கொண்ட பெருமை உனக்கு நினைவிருக்கும். இப்போது நூலை இழுத்து முடிச்சிட முடியாமல் பூக்காரியிடம் கட்டிய சரமே வாங்கிக்கொள்கிறேன். தரையில் உட்கார்ந்தால் எழுந்திருக்க இருவர் வேண்டும். நள்ளிரவில் நெஞ்சிலிருந்து ஒரு சூடு கிளம்பி முகம் வரை ஏறி, ரவிக்கை நனையும்வரை வியர்த்து, அடுத்த நிமிடமே குளிர வைத்துவிட்டுப் போகும். அக்கினி நட்சத்திரத்தில் இது மாத்திரையின் வேலையா, பாளையங்கோட்டை வெயிலின் வேலையா என்று வகை பிரிக்கவே முடியவில்லை. குன்னூரில் கம்பளி போர்த்திக்கொண்டு எனக்கு அறிவுரை எழுதும் உனக்கு இந்தச் சிக்கல் புரியப்போவதில்லை.

ஆனாலும் நிறுத்தமாட்டேன். என் கட்டி ஈஸ்ட்ரஜன் என்ற பெண்மை ஹார்மோனுக்கு ஏற்பி உடைய வகை. அதாவது அந்த ஹார்மோனைப் பற்றிக்கொண்டு வளர்வது. மாதவிடாய் நின்றதும் சூலகம் ஓய்ந்துவிடுவதால் ஈஸ்ட்ரஜனும் தீர்ந்துவிடும் என்றுதான் நாம் நினைத்திருந்தோம். அது அப்படியில்லை. சிறுநீரகத்தின் மேல் உட்கார்ந்திருக்கும் அட்ரினல் சுரப்பி ஆண்மை ஹார்மோன் வகைப் பொருள்களைத் தொடர்ந்து சுரக்கிறது. கொழுப்பிலும் தசையிலும் மார்புத் திசுவிலுமே இருக்கிற அரோமடேஸ் என்ற நொதி அவற்றை ஈஸ்ட்ரஜனாக மாற்றுகிறது. லெட்ரோசோல் அந்த நொதியைத்தான் மறிக்கிறது. தினம் 2.5 மில்லிகிராம், அவ்வளவு சிறிய மாத்திரைக்குள் அவ்வளவு பெரிய வேலை இருப்பதைப் பார்த்து, வலிக்கும் நேரத்தில்கூட எனக்குள் இருக்கும் ஆசிரியை வியக்கத்தான் செய்கிறாள். எலும்பும் மூட்டும் தோலும் மூளையின் வெப்பக் கட்டுப்பாடும் அதே ஹார்மோனை நம்பியிருப்பவை என்பதால், கட்டிக்கு வைத்த பட்டினியை உடம்பு முழுவதும் அனுபவிக்கிறது.

"ஒன்றுமில்லை" என்று மருத்துவர் சொன்னது, ஸ்கேனில் தெரிகிற அளவுக்கு ஒன்றுமில்லை என்ற பொருளில்தான். இந்த வகைப் புற்றுநோய் பொறுமைசாலி. 5 ஆண்டுகளுக்குப் பிறகும், சிலருக்கு 15, 20 ஆண்டுகள் கழித்தும்கூடத் திரும்பி வருகிறது. இதே நோய்க்கு நம் விடுதித் தோழி விசாலம் விழுங்குகிறாளே, டாமாக்சிபென், அதை 5 ஆண்டுகள் தவறாமல் எடுத்த பெண்களிடம், அந்த ஆண்டுகளில் நோய் திரும்புவது ஏறத்தாழப் பாதியாகக் குறைந்தது. முதல் 15 ஆண்டுகளில் இந்த நோயால் இறப்பதும் மூன்றில் ஒரு பங்கு குறைந்தது. மாதவிடாய் நின்றவர்களுக்கு என்னுடைய மாத்திரை அதையும்விடச் சற்றுக் கூடுதலாகப் பயன்படுகிறது. விசாலத்துக்கு அப்போது மாதவிடாய் நிற்கவில்லை. சூலகம் வேலை செய்துகொண்டிருக்கும்போது அரோமடேஸை மட்டும் மறித்துப் பயனில்லை என்பதால்தான் அவளுக்கு வேறு மருந்து. 1962இல் இங்கிலாந்தில் டோரா ரிச்சர்ட்சன் என்ற வேதியியலாளர் அதை உருவாக்கியபோது, அது கருத்தடை மருந்தாகும் என்றே நம்பினார்கள். எலிகளிடம் பலித்தது, பெண்களிடம் கருமுட்டை வெளிவருவதைத் தூண்டிவிட்டது! வகுப்பில் இதைச் சொல்லியிருந்தால் கடைசி வரிசைகூட விழித்திருக்கும்.

ஆகவே, நிறுத்தலாமா என்பதை விட்டுவிட்டேன்; இதை விழுங்கிக்கொண்டே எப்படி மனுஷியாக நடமாடுவது என்பதில்தான் என் மூளை முழுவதும் ஓடுகிறது. சென்ற ஆண்டு நான் பார்த்த ஒரு மருத்துவர் (பெயர் வேண்டாம்) "இந்த வயதில் மூட்டு வலிக்கத்தான் செய்யும், அம்மா" என்று சொல்லித் தலை நிமிராமல் அடுத்த சீட்டை எழுதினார். எனக்கு வந்த ஆத்திரத்தை நீ பார்த்திருக்க வேண்டும். இந்த வகை மாத்திரை எடுப்பவர்களில் ஏறத்தாழப் பாதிப்பேருக்கு மூட்டுவலி வருகிறது. அதை வயதின் தலையில் கட்டிவிட்டால், அடுத்து அந்தப் பெண் என்ன செய்வாள்? ஒருவரிடமும் சொல்லாமல் மாத்திரையை நிறுத்திவிட்டு, மருத்துவரிடம் போகும்போது "சாப்பிடுகிறேன்" என்று தலையாட்டுவாள். பலர் அப்படித்தான் செய்கிறார்கள், செண்பகம். அதை நினைக்கும்போதுதான் எனக்குப் பயம் வருகிறது, விரல் வலிக்கும்போது அல்ல.

இப்போது பார்க்கிற அம்மையார் வேறு ரகம். எந்த விரல், எந்த நேரம், எவ்வளவு நேரத்தில் இளகுகிறது என்று கேட்டு எழுதிக்கொண்டார். சில வாரம் மாத்திரைக்கு ஓய்வு கொடுத்து, வலி குறைகிறதா என்று பார்த்தார். குறைந்ததும் எக்ஸிமெஸ்டேனுக்கு மாற்றினார். தினம் 25 மில்லிகிராம். லெட்ரோசோல் நொதியில் ஒட்டி, பிறகு விலகிவிடும். எக்ஸிமெஸ்டேன் ஒட்டினால் விலகாது. விடுதி அறைப் பூட்டுக்குள் விசாலம் திறவுகோலை முறித்துவிட்டு நின்றாளே, வார்டன் புதுப் பூட்டு மாட்டும்வரை ஒருவரும் உள்ளே போக முடியவில்லையே, அதேதான். உடம்பு புதிய நொதியைச் செய்துகொள்ளும்வரை அந்தப் பழைய நொதி செத்தது செத்ததுதான். வலி போய்விடவில்லை. ஒரு மருந்து ஒத்துக்கொள்ளாத பலருக்கு இன்னொன்று தாங்குகிறது என்பார்கள், எனக்குத் தாங்குகிறது. இந்தக் கடிதத்தை நானேதான் எழுதுகிறேன், பேத்தியிடம் சொல்லி எழுதவைக்கவில்லை என்பதைக் கையெழுத்தைப் பார்த்தே கண்டுகொண்டிருப்பாய்.

அந்த அம்மையார் சொன்ன மற்றொன்றை நான் முதலில் நம்பவில்லை: வலிக்கிற உடம்பை நடக்கச் சொன்னார். யேல் பல்கலைக்கழகம் 2015இல் வெளியிட்ட ஓர் ஆய்வில், இதே மாத்திரைகளால் மூட்டுவலி கண்ட பெண்களில் ஒரு பாதியினரை வாரத்துக்கு 150 நிமிட நடையும், இரண்டு நாள் எடை தூக்கும் பயிற்சியும் செய்யவைத்திருக்கிறார்கள். ஓராண்டில் அவர்களுடைய கடும்வலி 29 சதவீதம் குறைந்தது, மற்றவர்களுக்குக் குறையவில்லை. அதனால் விடியலில் வ.உ.சி. மைதானத்தைச் சுற்றி நடக்கிறேன். வீட்டில் தண்ணீர் நிரப்பிய பாட்டில்களைத் தூக்கி இறக்குகிறேன். வீட்டுக்காரர் இதைப் பார்த்துவிட்டு எனக்குக் காவல்துறையில் வேலை கிடைத்துவிட்டதாகத் தெருவெல்லாம் சொல்லிவைத்திருக்கிறார்.

எலும்புதான் எனக்கு உண்மையான கவலை. அடர்த்தி ஸ்கேனில் மைனஸ் 1.8 வந்தது, மைனஸ் 2.5ஐத் தொட்டால் எலும்புப்புரை, அதாவது எலும்பு மெலிந்து எளிதில் முறிகிற நிலை. கால்சியமும் வைட்டமின் டியும் போக, ஆறு மாதத்துக்கு ஒரு முறை சோலெட்ரோனிக் அமிலம் டிரிப்பாக ஏற்றுகிறார்கள். அதற்கு முன் பல் மருத்துவரிடம் அனுப்பினார்கள். அந்த மருந்து அரிதாகத் தாடை எலும்பைக் கெடுக்கக்கூடும் என்பதால் பற்களைச் சரிசெய்த பிறகுதான் தொடங்கவேண்டுமாம். மாதவிடாய் நின்ற பெண்களுக்கு நோய் எலும்பில் திரும்புவதையும் அது சற்றுக் குறைக்கிறது என்று கேட்டதும், ஒரு செலவில் இரண்டு லாபம் என்று கையை நீட்டிவிட்டேன். இரவுச் சூட்டுக்கு வென்லாபாக்சின் குறைந்த அளவில் தருகிறார்கள். மனச்சோர்வுக்கான மாத்திரை அது. பெயரைத் தேடிப் பார்த்துவிட்டு, எனக்குச் சித்தம் கலங்கிவிட்டது என்று அலமேலுவுக்குப் போன் செய்துவிடாதே.

நீ அனுப்பிய தண்ணீர்விட்டான் கிழங்கு லேகியத்தை நான் சாப்பிடவில்லை. ஈஸ்ட்ரஜனைப்போல நடந்துகொள்ளக்கூடிய பொருள்கள் அதில் இருக்கலாம், ஒரு பக்கம் கதவைச் சாத்திவிட்டு மறுபக்கம் திறந்துவைக்கவேண்டாம் என்று மருத்துவர் தடுத்துவிட்டார். வீணாகவில்லை, வீட்டுக்காரர் தின்று தீர்த்தார், இடுப்பு இரண்டு அங்குலம் கூடியிருக்கிறது.

கூச்சத்தை விட்டு இன்னொன்றும் எழுதுகிறேன். அந்தரங்க உறுப்பில் வறட்சியும் எரிச்சலும் வந்து, சிறுநீர் போவதற்கே அஞ்சிய நாட்கள் இருந்தன. வீட்டில் சொல்ல முடியவில்லை, மருத்துவரிடமும் வாய் வரவில்லை. கேட்டவர் ஒரு செவிலியர்தான். கதவைச் சாத்திவிட்டு, நேரடியாகக் கேட்டார். ஹார்மோன் கலக்காத ஈரப்பசைக் களிம்பு ஒன்று இருக்கிறது, வாரத்தில் சில நாள் தடவினால் போதும் என்றார். அவ்வளவு எளிய ஒன்றுக்காக எத்தனை பெண்கள் பல்லைக் கடித்துக்கொண்டிருப்பார்கள் என்று அன்று வீடு வரும்வரை அழுதேன். நம் தாயார் தலைமுறை வாயைத் திறக்கவே இல்லை. நாம் படித்தவர்கள், நாமும் திறக்கவில்லை.

விசாலத்தின் புதிய எண் உன்னிடம் இருந்தால் அனுப்பு. அவளுக்கு 5 ஆண்டு முடியப்போகிறது. டாமாக்சிபெனை 10 ஆண்டு வரை நீட்டுவதால் சிலருக்குப் பயன் உண்டு என்பதை அவளுடைய மருத்துவரிடம் அவள் கேட்கவேண்டும், நீ இடையில் புகுந்து "போதும் நிறுத்து" என்று சொல்லிவைக்காதே. ஆடி பிறந்ததும் குன்னூர் வருகிறேன். கீழறையைக் கொடு, மாடி வேண்டாம். உயரமான நாற்காலி ஒன்றும் வெந்நீரும் இருந்தால் போதும்.

உன்,
காந்திமதி