ஒரு நாள் எங்கள் ஊருக்கு வாருங்கள்: இறுதிக்காலப் பராமரிப்புப் பயிற்சிக்குப் பொறுப்பானவர்களுக்குத் திறந்த மடல்

மதிப்பிற்குரிய ஐயா, அம்மா,

வணக்கம். வீடுகளுக்குச் சென்று இறுதிக்காலப் பராமரிப்பு செய்யும் தாதியருக்கும் தொண்டூழியருக்கும் இவ்வாண்டுப் பயிற்சி முழுக்க இணையவழிதான் என்ற உங்கள் சுற்றறிக்கை பேராக்கில் உள்ள எங்கள் சுங்கை சிப்புட்டுக்கும் வந்து சேர்ந்தது. இரண்டு மணி நேர விளக்கம், பிறகு கேள்விகள், தேறியவர்களுக்கு மின்சான்றிதழ். முன்பு கோலாலம்பூர் ஹோட்டலில், வேலை நாளில் நடந்தது. ஷிப்டுக்கு மாற்று ஆள் கிடைக்காதவர்கள் போக முடியவில்லை. அதைத்தான் எழுதிக் கேட்டிருந்தோம். அதற்குப் பதில் இந்தத் திரை என்றால், எங்கள் கடிதத்தை யாரோ பாதியில் மூடி வைத்திருக்கிறார்கள். நாங்கள் கேட்டது இது: எங்கள் ஊரில், ஒரு நாள், கையால் செய்து பழகும் பயிற்சி. அதில் ஒரு பகுதியாவது தமிழில்.

ஏன் கையால் என்பதற்கு ஒரு மருந்துப் புட்டியே போதும். 5 மில்லிலிட்டரில் 10 மில்லிகிராம் உள்ள மார்ஃபின் என்ற கடும் வலிக்கான மருந்தின் கரைசல் என்று வையுங்கள். '5 மில்லிகிராம், நாலு மணி நேரத்துக்கு ஒரு தடவை' என்று மருத்துவர் எழுதுகிறார். வீட்டில் காதில் நிற்பது 'அஞ்சு' மட்டும். சிரிஞ்சில் 5 மில்லிலிட்டர் கோடு வரை இழுத்துக் கொடுத்தால் போவது 10 மில்லிகிராம், சரியாக இரண்டு மடங்கு. வேண்டியது 2.5 மில்லிலிட்டர். இதைத் தவிர்க்க ஊசியில்லாத சிரிஞ்சில் 2.5 கோட்டில் சிவப்பு டேப் சுற்ற வேண்டும். ராத்திரி மருந்து கொடுக்கப்போகிறவர் யாரோ அவர் கையில் கொடுத்து, பச்சைத் தண்ணீரை மூன்று முறை இழுத்துக் காட்டச் சொல்ல வேண்டும். மருமகளுக்குக் காட்டிவிட்டு வந்தால், இரவில் கொடுப்பது பேரனாக இருக்கும். அதையும் கேட்டுக்கொள்ள வேண்டும். புதுப் புட்டி வந்தால் லேபிளைப் படித்து டேப்பை மறுபடி சுற்ற வேண்டும், ஏனென்றால் அடர்த்தி மாறியிருக்கலாம். இதில் எதை ஐயா திரையில் கற்பது?

மலமிளக்கி இல்லாமல் மார்ஃபின் தொடங்கினால் சில நாளிலேயே வயிறு இறுகிவிடும். 'இந்த மருந்து ஒத்துக்கல' என்று புட்டி அலமாரிக்குப் போகும், வலி திரும்பி வரும். ஃபென்டனில் என்ற வலி மருந்து தோல்வழி இறங்கும் பிளாஸ்டரை ஒட்டிய இடத்தில் தைலம் தேய்த்து வெந்நீர் ஒத்தடம் கொடுப்பார்கள். சூட்டில் மருந்து வேகமாக உள்ளே இறங்கி, ஆளை எழுப்ப முடியாமல் போகலாம். சர்க்கரை நோய் சிறுநீரகத்தைத் தின்ற வீடுகள் இங்கே நிறைய. அங்கே மார்ஃபினின் கழிவு உடம்பில் தேங்கி, கை கால் வெடுக்கு வெடுக்கென்று இழுக்கும். வலிதான் கூடிவிட்டது என்று இன்னொரு வேளை கொடுப்பது வழக்கமாக நடக்கும் தவறு. விழுங்க முடியாத நாள் வந்தால் மார்ஃபினை நிறுத்தக்கூடாது, தோலுக்கடியில் கொடுக்க வேண்டும். அப்போது வாய்வழி அளவில் ஏறத்தாழ பாதிதான் போக வேண்டும். பட்டர்ஃபிளை ஊசி எனப்படும் சிறகு வைத்த சிறு ஊசியை மார்பின் மேற்புறத்திலோ மேற்கையிலோ குத்தி ஒட்டி, வீக்கமும் சிவப்பும் இருக்கிறதா என்று தினமும் பார்ப்பதைச் செய்து பழகாத கை, நேரம் வரும்போது நடுங்கும்.

மொழியைப் பற்றிச் சொல்லியே ஆக வேண்டும். 'சாகிட்?' என்று கேட்கிறார்கள். மலாயில் அந்தச் சொல் நோய்க்கும் வலிக்கும் பொது. 'ஆமா' என்ற பதிலை எதில் எழுதுவது? பூஜ்யத்திலிருந்து பத்துக்குள் ஓர் எண் சொல்லுங்கள் என்றால், ரப்பர் தோட்டத்தில் பால்மரம் வெட்டி ஓய்ந்த பாட்டி 'என்னத்தச் சொல்ல, கண்ணு' என்பார். அதே பாட்டியிடம் எரியுதா, கடுக்குதா, குடையுதா, சுரீர்னு இழுக்குதா என்று கேட்டுப் பாருங்கள். எரிச்சலும் கரண்ட் அடிப்பது போன்ற இழுப்பும் நரம்பு வலியின் அடையாளம். அதற்கு மார்ஃபினை மட்டும் ஏற்றிக்கொண்டே போவது சரியில்லை, அமிட்ரிப்டிலின், காபாபென்டின் போன்றவையும் தேவைப்படலாம். கேட்கத் தெரியாததால் கிடைக்காத மருந்து இது. தமிழ் தெரியாத தாதியருக்கும் இப்படிப்பட்ட பத்துச் சொற்களை ஒரு மணி நேரத்தில் சொல்லிக்கொடுத்துவிடலாம்.

கடைசி நேரத்தில் பால் ஊற்றுவது எங்கள் வழக்கம். வரிசையாக ஒவ்வொருவரும் ஒரு கரண்டி ஊற்றினால், விழுங்கும் திறன் போனவருக்கு அது மூச்சுக்குழாய்க்குள் இறங்கும். 'ஊற்றாதீர்கள்' என்று பாடத்தில் ஒரு வரி போடுவது சுலபம். அந்த வீட்டில் நின்று அதைச் சொல்லத்தான் முடியாது. தலையைச் சற்று ஒருக்களித்து வைத்து, பஞ்சில் பாலைத் தொட்டு உதட்டை நனைக்கச் சொல்லலாம். சடங்கும் நிறைவேறும். தொண்டையில் கரகரவென்று சத்தம் வரும்போதும் பக்கவாட்டில் திருப்பிப் படுக்கவைப்பதே முதல் வேலை. குழாயை ஆழமாக விட்டு உறிஞ்சுவது அவரைத் துன்புறுத்தவே செய்யும்.

தோட்ட மருத்துவ உதவியாளர்களைப் பதிவு செய்ய 1965இலேயே இந்த நாட்டில் தனிச்சட்டம் வந்தது. தோட்டத்தில் இருப்பவனுக்கும் தகுதியான ஆள் வேண்டும் என்று அன்றைக்கே யாருக்கோ தோன்றியிருக்கிறது. இன்று தோட்டங்கள் துண்டானபின், பிள்ளைகள் சிங்கப்பூரிலும் கிள்ளானிலும் இருக்க, பெரியவர்கள் தாமான் என்னும் குடியிருப்புப் பகுதி வீடுகளில் தனியே படுத்திருக்கிறார்கள். 2019 முதல் 2030 வரைக்குமான தேசிய நோய்த் தணிப்புப் பராமரிப்புக் கொள்கையை எங்களைவிட நீங்களே நன்கு அறிவீர்கள். திறப்பு விழா, பூச்செண்டு, குழுப்படம் எல்லாம் அதில் எந்தப் பக்கத்தில் இருக்கிறது என்றுதான் எங்களுக்குத் தெரியவில்லை. நான்கு பதிலில் ஒன்றைத் தட்டினால் உங்கள் சான்றிதழ் வந்துவிடும். நடுராத்திரியில் எங்கள் கதவைத் தட்டுகிறவருக்கு அந்த நான்கையும் வாசித்துக் காட்ட முடியாது.

சற்றுக் கடுமையாக எழுதிவிட்டோம், பொறுத்தருள்க. பணிவோடு மறுபடியும் கேட்கிறோம்: எங்கள் ஊரில், ஒரு நாள், கையால் பழகும் பயிற்சி. மண்டபம், கட்டில், மதிய உணவு எங்கள் பொறுப்பு. மருந்தைத் தோலுக்கடியில் மெதுவாகச் செலுத்தும் சிரிஞ்ச் டிரைவர் கருவி இரண்டு, பட்டர்ஃபிளை ஊசி ஒரு பெட்டி, அவற்றைத் தினம் கையாளும் தாதியர் ஒருவர், இவை உங்கள் பக்கமிருந்து வந்தால் போதும். ஞாயிற்றுக்கிழமையாக இருக்கட்டும், தீபாவளிக்கு முந்தைய வாரம் மட்டும் வேண்டாம். தேதியைக் கடிதத்தில் தெரிவித்தால், ஷிப்ட் மாற்றுக்கு அதையே மேலதிகாரியிடம் காட்டிக்கொள்வோம்.

இப்படிக்கு,
வீட்டுப் பராமரிப்புத் தாதியரும் தொண்டூழியரும்
சுங்கை சிப்புட், பேராக்