பதக்கத்தோடு அந்த நிலத்தின் கதையும் வேண்டும்

ஆசிரியருக்கு வணக்கம்.

பிரிட்டனின் மிக உயர்ந்த வீரப் பதக்கமான விக்டோரியா சிலுவையைப் பெற்ற வீரர்களைப் பற்றிச் சென்ற இதழில் வந்த கட்டுரையைப் படித்தேன். அதில் சார்ஜென்ட் ஜான் மரேக்கு ஒரு முழுப் பத்தி ஒதுக்கியிருக்கிறார்கள். 1864 ஜூன் 21 அன்று நியூசிலாந்தின் தே ரங்காவில், எட்டுப் பத்து மாவோரிகள் (நியூசிலாந்தின் பூர்வகுடிகள்) இருந்த ஒரு குழியை நோக்கித் தனி ஆளாக ஓடி, உள்ளே இருந்த அத்தனை பேரையும் கொன்றோ காயப்படுத்தியோ வீழ்த்தினார் என்று. அவருக்கு விருது அறிவித்த அரசிதழ் சொல்வதும் அதுதான், அதனால் கட்டுரையில் பிழை இல்லை. ஆனால் அந்தக் குழியில் இருந்தவர்கள் யார், எதற்காக அங்கே மண்ணை வெட்டிக்கொண்டிருந்தார்கள் என்று ஒரு வரிகூட இல்லையே! டௌரங்காவில் குடியிருப்பவள் நான். தே ரங்கா எங்கள் ஊரின் ஓரத்தில்தான் இருக்கிறது. அந்த விடுபட்ட வரிகளை எழுதாமல் இருக்க மனம் கேட்கவில்லை.

1863 ஜூலையில் பிரிட்டிஷ் படை வைகாட்டோ பகுதிக்குள் நுழைந்தது. நிலத்தை இனி விற்க மாட்டோம் என்று தங்களுக்கு ஒரு மன்னரை ஏற்படுத்திக்கொண்ட மாவோரிகளை அடக்குவதுதான் நோக்கம். டௌரங்காவிலிருந்து அவர்களுக்கு ஆளும் உணவும் போகாமல் தடுக்க, 1864 ஜனவரியில் இங்கே துருப்புகள் வந்து இறங்கின. இங்கே சண்டையிட்ட 43-ஆவது படைப்பிரிவு நியூசிலாந்துக்கு வந்தது கல்கத்தாவிலிருந்து. மரே இருந்த 68-ஆவது பிரிவு ரங்கூனிலிருந்து.

உள்ளூர் மாவோரிகளின் தலைவர் ராவிரி புஹிராகே. சண்டை தொடங்கும் முன்பே, மார்ச் மாதத்தில், அவர் தரப்பு பிரிட்டிஷ் தளபதிக்கு ஒரு கடிதம் அனுப்பியது. எழுதியவர் மிஷன் பள்ளியில் படித்த ஹேனாரே தராடோவா. துப்பாக்கியின் அடிக்கட்டையைத் திருப்பிக் காட்டிச் சரணடைபவனைக் கொல்ல மாட்டோம். பயந்து பாதிரியார் வீட்டுக்குள் ஓடுபவனைத் துரத்த மாட்டோம். ஆயுதம் இல்லாதவர்கள், பெண்கள், குழந்தைகள் மேல் கை வைக்க மாட்டோம். இவைதான் அவர்கள் தங்களுக்குத் தாங்களே போட்டுக்கொண்ட விதிகள். போரில் காயம்பட்டவர்களைக் காக்கும் முதலாம் ஜெனீவா உடன்படிக்கை கையெழுத்தானதே அந்த வருடம் ஆகஸ்டில்தான் என்பதை வாசகர்கள் நினைத்துப் பார்க்க வேண்டும்.

ஏப்ரல் 29 அன்று கேட் பா என்ற மாவோரிக் கோட்டையில் சண்டை. உள்ளே சுமார் 230 பேர். வெளியே ஜெனரல் கேமரன் தலைமையில் ஏறக்குறைய 1,700 பேர், கூடவே பெரிய பீரங்கிகள். காலையிலிருந்து குண்டு பொழிந்துவிட்டு, மாலையில் கோட்டைக்குள் புகுந்த படை, மண்ணுக்கடியில் பதுங்கியிருந்தவர்களின் துப்பாக்கிகளில் சிக்கிச் சிதறி ஓடியது. நூற்றுக்கும் மேற்பட்டோர் மாண்டார்கள் அல்லது காயமடைந்தார்கள். சாகும் நிலையில் இருந்த தன் அதிகாரியை, அவர் விட்டுவிட்டுப் போ என்று சொல்லியும் கேட்காமல் தூக்கி வந்த கடற்படை வீரர் சாமுவேல் மிட்செலுக்கும், காயம்பட்டவர்களைத் தேடி மறுபடி உள்ளே போன மருத்துவர் வில்லியம் மேன்லிக்கும் விக்டோரியா சிலுவை கிடைத்தது. இருவரும் அதற்கு முழுத் தகுதி உள்ளவர்கள். எனக்கு அதில் எந்தச் சந்தேகமும் இல்லை.

ஆனால் அதே இரவில் கோட்டைக்குள் விழுந்து கிடந்த பிரிட்டிஷ் கர்னல் பூத் தண்ணீர் கேட்டபோது கொண்டுவந்து கொடுத்தது எதிரே நின்ற மாவோரித் தரப்பு. ஆண்களோடு நின்று சண்டையிட்ட ஹேனி தே கிரி கராமு, தானே தண்ணீர் கொடுத்ததாகப் பிற்காலத்தில் விவரித்திருக்கிறார். தராடோவாதான் கொடுத்தார் என்று சொல்பவர்களும் உண்டு. யார் கொடுத்திருந்தாலும் அந்த வீரத்துக்கு அன்றைக்குப் பதக்கம் எதுவும் இல்லை.

ஏழு வாரம் கழித்துத்தான் மரேயின் பதக்கத்துக்குக் காரணமான நாள் வந்தது. தே ரங்காவில் மாவோரிகள் புதிதாகக் குழி வெட்டத் தொடங்கியிருந்தார்கள். வேலை பாதியில் இருந்தது. கர்னல் கிரீர் சுமார் 600 பேரோடு வந்து, துப்பாக்கி முனைக் கத்தியோடு பாய உத்தரவிட்டார். நூற்றுக்கும் அதிகமான மாவோரிகள் இறந்தார்கள். புஹிராகே இறந்தார், தராடோவாவும் இறந்தார். தாங்கள் வெட்டிய குழிகளிலேயே அவர்களைப் புதைத்தார்கள். அன்றைய சண்டைக்கு இரண்டு விக்டோரியா சிலுவைகள்: ஒன்று மரேக்கு, இன்னொன்று கேப்டன் ஃபிரெடரிக் ஸ்மித்துக்கு.

அப்புறம் நிலம். டௌரங்காவில் 2,90,000 ஏக்கர் பறிமுதல் என்று அறிவிக்கப்பட்டது. அதில் 50,000 ஏக்கரை அரசு தன்னிடமே வைத்துக்கொண்டது. நான் காய்கறி வாங்கப் போகும் பகுதியின் பெயர் கிரீர்ட்டன், அந்தக் கர்னலின் பெயர். ஊரின் நடுவே ஓடும் பெரிய சாலை கேமரன் சாலை. அந்தச் சாலையில்தான் கேட் பா இருக்கிறது.

தைரியம் தைரியம்தானே, அரசியலை ஏன் இழுக்கிறீர்கள் என்று சிலர் கேட்கலாம். குண்டுக்கு எதிரே ஓடுவது தைரியம்தான், மறுக்கவில்லை. ஆனால் பதக்கமே அரசியல் முடிவுதான். யாருக்குக் கொடுப்பது, எந்த நாளைக் கொண்டாடுவது என்பதை அரசுதான் தீர்மானித்தது. 1869-இல் உருவான நியூசிலாந்து சிலுவையை எடுத்துக்கொள்ளுங்கள். மொத்தம் 23 பேருக்குத்தான் கிடைத்தது, விக்டோரியா சிலுவையைவிட அரிது. ஙாடாபா மலைக்கோட்டைச் சண்டைக்காக அதைப் பெற்றவர்கள் உண்டு. அதே கோட்டை 1869 ஜனவரியில் விழுந்ததும், பிடிபட்டவர்களை விசாரணை இல்லாமல் சுட்டுக் கொன்றார்கள். 86 முதல் 128 பேர் வரை என்பது, மாவோரிகளின் முறையீடுகளை விசாரிக்கும் வைதாங்கி தீர்ப்பாயத்தின் கணக்கு. சுட்டவர்கள் அரசின் பக்கம் சண்டையிட்ட மாவோரிகள், அரசு அதிகாரிகள் அருகில் இருக்கும்போதே. இந்தக் கதை இல்லாமல் அந்தப் பதக்கத்தை மட்டும் கண்ணாடிப் பெட்டியில் வைத்தால் பார்ப்பவருக்கு என்ன புரியும்?

பதக்கங்களை ஒளித்து வைக்கச் சொல்லவில்லை. அருங்காட்சியகமானாலும் ஏல நிறுவனமானாலும் பத்திரிகையானாலும், பதக்கத்தின் அருகே மூன்று தகவல்கள் இருக்க வேண்டும் என்கிறேன்: சண்டை யாருடைய நிலத்தில் நடந்தது, எதிரே இருந்தவர்களில் எத்தனை பேர் இறந்தார்கள், பிறகு அந்த நிலம் என்ன ஆனது. இங்கே டௌரங்காவின் பழைய மிஷன் கல்லறைத் தோட்டத்தில் பிரிட்டிஷ் வீரர்களும், தே ரங்கா குழியிலிருந்து பின்னாளில் எடுத்துவரப்பட்ட புஹிராகேயும் ஒரே இடத்தில் அடக்கமாகியிருக்கிறார்கள். 1914-இல் வைத்த அவர் நினைவுச் சின்னத்தில், காயம்பட்ட எதிரிக்குத் தண்ணீர் கொடுக்கும் காட்சி செதுக்கப்பட்டிருக்கிறது. இரண்டு பக்கத்தையும் சேர்த்துச் சொல்ல முடியும் என்று நூறு வருடத்துக்கு முன்பே இந்த ஊர் காட்டிவிட்டது.

கட்டுரை தொடரும் என்று போட்டிருக்கிறீர்கள். நியூசிலாந்துப் போர்களுக்காக 15 விக்டோரியா சிலுவைகள் வழங்கப்பட்டன. மீதிப் பேரைப் பற்றி எழுதும்போது இந்த மூன்று தகவல்களையும் சேர்க்கும்படி கட்டுரையாளரைக் கேட்டுக்கொள்கிறேன். மரேயின் பத்தியோடு ராவிரி புஹிராகே, ஹேனாரே தராடோவா என்ற இரண்டு பெயர்களையும் அடுத்த இதழில் சேர்த்து வெளியிடுங்கள்.

இப்படிக்கு,
ஒரு வாசகி,
டௌரங்கா, நியூசிலாந்து