பதிவு இல்லை என்றால் ஆடவில்லை என்று பொருளா?

மாநிலக் கிரிக்கெட் சங்கச் செயலாளர் அவர்களுக்கும் நிர்வாகக் குழுவினருக்கும் வணக்கம்.

என் அத்தை 1970-களில் நம் மாநிலப் பெண்கள் அணிக்குப் பந்து வீசியவர். 2025 நவம்பர் 2 அன்று நவி மும்பையில் இந்தியப் பெண்கள் உலகக் கோப்பையை வென்ற மகிழ்ச்சியில், அத்தை ஆடிய ஆட்டங்களின் ஸ்கோர் விவரம் கேட்டு உங்களுக்கு விண்ணப்பித்தேன். "இந்தப் பெயரில் எவரும் ஆடியதாகப் பதிவு இல்லை" என்று பதில் அனுப்பியிருக்கிறீர்கள்.

எந்தப் பெயரில் தேடினீர்கள்? நீங்கள் கேட்ட ஆதார் நகலில் அத்தையின் பெயருக்கு முன் இருப்பது கணவரின் இனிஷியல். ஆடிய காலத்தில் அவருக்குத் திருமணம் ஆகவில்லை. ஸ்கோர் புத்தகத்தில் என் தாத்தாவின், அதாவது அவருடைய தந்தையின், இனிஷியலோடுதான் எழுதியிருப்பார்கள். இரண்டையும் விண்ணப்பத்தில் தெளிவாகக் குறித்திருந்தேன். ஆண்களுக்கு இந்தத் தொல்லையே கிடையாது. எந்தப் பெயரில் ஆடினார்களோ அந்தப் பெயரிலேயே முதுமை வரை இருக்கிறார்கள். மணமான பெண்ணோ ரேஷன் அட்டையில் ஒருத்தி, பழைய செய்தித்தாளில் வேறொருத்தி. அவர்களைத் தேடுகிறவர்களுக்கு இது தெரிந்திருக்க வேண்டாமா?

நேரில் வந்து கேட்டபோதுதான் உண்மை தெரிந்தது. 2006-க்கு முந்தைய பெண்கள் ஆட்டங்களின் ஏடு எதுவும் உங்களிடம் இல்லையாம். அது வேறு அமைப்பு நடத்தியதாம். அப்படியானால் நீங்கள் தேடவே இல்லை. தேட எதுவும் இருக்கவில்லை. அதை அப்படியே எழுதியிருக்கலாமே! "இந்தப் பெயரில் பதிவு இல்லை" என்று எழுதி, எழுபது வயதைக் கடந்த ஒருவரைப் பொய் சொன்னவர் போல் அவருடைய பேரப்பிள்ளைகள் முன் நிறுத்திவிட்டீர்கள். அந்தக் கடிதத்தைப் படித்துவிட்டு அத்தை, "அப்படியானால் நான் ஆடவில்லையா?" என்று கேட்டார். எனக்குப் பதில் சொல்ல முடியவில்லை.

இந்திய மகளிர் கிரிக்கெட் சங்கம் 1973-இல் தொடங்கியதும், அவ்வாண்டு ஏப்ரலில் புனேயில் மூன்றே அணிகளோடு முதல் தேசியப் போட்டி நடந்ததும் நீங்கள் அறியாதவை அல்ல. அடுத்த போட்டிக்கு வாரணாசியில் எட்டு அணிகள் வந்தன. 1976-இல் சாந்தா ரங்கசாமி தலைமையில் பாட்னாவில் மேற்கிந்தியத் தீவுகளை வென்று முதல் டெஸ்ட் வெற்றியும் கிடைத்துவிட்டது. முன்பதிவில்லாத ரயில் பெட்டியில் போய், கூடங்களில் தரையில் படுத்து, மட்டையைப் பகிர்ந்துகொண்டு ஆடியவர்கள் அவர்கள். 2006-இல் அந்த மகளிர் சங்கம் இந்தியக் கிரிக்கெட் வாரியத்தோடு இணைந்தபோது ஆட்டக்காரர்களை ஏற்றுக்கொண்டீர்கள். அந்த 33 ஆண்டுகளையும் சேர்த்துத்தான் ஏற்றுக்கொண்டிருக்க வேண்டும்.

1934 நவம்பர் 4 அன்று சேப்பாக்கத்தில் நடந்த, ஆண்களுக்கான முதல் ரஞ்சிக் கோப்பை ஆட்டத்தைப் பாருங்கள். முதல் பந்தை வீசியவர் எம். ஜே. கோபாலன், மைசூர் 48, சென்னை 130, மறுபடி மைசூர் 59, ஏ. ஜி. ராம்சிங் 35 ரன் கொடுத்து 11 விக்கெட். ஒரே நாளில் முடிந்துபோன ஆட்டம், இன்றும் எண் பிசகாமல் சொல்ல முடிகிறது. அதற்கு ஏறக்குறைய நாற்பது ஆண்டுகள் கழித்து ஆடிய பெண்ணின் ஒரு விக்கெட்டைக் கூட ஏன் சொல்ல முடியவில்லை?

மைதானங்களுக்கு நிர்வாகிகளின் பெயர்கள் இருக்கின்றன. அவற்றைப் பளிங்கில் பொறிக்கப் பணமும் இருக்கிறது. ஆடியவர்களின் பெயரைக் காகிதத்தில் எழுதிவைக்க மட்டும் ஆள் இல்லை என்கிறீர்கள். கோபத்தில் எழுதிவிட்டேன், பொறுத்துக்கொள்ளுங்கள். ஆனாலும் இதைத் திரும்பப் பெற மாட்டேன்.

நான் கேட்பது அந்த ஸ்கோர் விவரங்களைத்தான். உங்களிடம் இல்லையென்றால் திரட்டுங்கள். பழைய நடுவர்கள், ஸ்கோரர்கள், மகளிர் சங்கத்தில் பொறுப்பில் இருந்தவர்கள் ஆகியோரின் வீடுகளில் ஏடுகள் இருக்கக்கூடும். அக்கால நாளிதழ்களின் விளையாட்டுப் பக்கங்களைப் புரட்ட இரண்டு மாணவர்களை அமர்த்தினால் போதும். ஆடியவர்களைப் பிறந்த வீட்டுப் பெயர், புகுந்த வீட்டுப் பெயர் இரண்டிலும் பதியுங்கள். எங்களிடம் ஓர் அணிப் புகைப்படம் இருக்கிறது. அதில் நிற்பவர்களில் பாதிப்பேரின் பெயர் அத்தைக்கு இப்போதே மறந்துவிட்டது. மீதிப் பெயர்களும் மறப்பதற்குள் உங்கள் அலுவலகத்திலிருந்து ஒருவரை அனுப்பிக் கேட்டு எழுதிக்கொள்ளும்படி பணிவுடன் வேண்டுகிறேன். அத்தைக்கு அனுப்பிய அந்தப் பதிலையும் தயவுசெய்து திருத்தி அனுப்புங்கள்.

இப்படிக்கு,
அவருடைய மருமகள்