வியன்னாவிலிருந்து சித்தப்பாவுக்கு

அன்புள்ள சித்தப்பாவுக்கு,

நான் இங்கு நலம். சித்தியும் தம்பியும் நலமா? வேலூர் வெயில் தணிந்ததா? இங்கே ஸ்வெட்டர் மேல் ஸ்வெட்டர் போட்டும் குளிர் விடவில்லை. வேலை, சாப்பாடு பற்றியெல்லாம் அப்பாவிடம் போனில் சொல்லிவிட்டேன். உங்களுக்கு எழுத வேண்டிய சங்கதி வேறு.

போன வாரம் இந்த ஊர் கோன்சர்ட்ஹவுஸில் ஒரு கச்சேரி கேட்டேன். 1913-இல் திறந்த கட்டடம். அதற்குள் மொசார்ட் பெயரில் சுமார் 700 பேர் உட்காரும் ஒரு ஹால். மேடையில் நான்கே பேர்: இரண்டு வயலின், ஒரு வியோலா, ஒரு செல்லோ. வியோலா வயலினைவிடச் சற்றுப் பெரிது, குரலும் தாழ்ந்தது. செல்லோவை முழங்கால்களுக்கு நடுவே நிறுத்தி, அடிக்கம்பியைத் தரையில் ஊன்றி வாசிக்கிறார்கள். வயலினை நம்மைப் போல நெஞ்சுக்கும் கணுக்காலுக்கும் நடுவே பிடிப்பதில்லை, தாடையில் அணைத்துக்கொள்கிறார்கள்.

மிருதங்கம் கிடையாது, தம்புரா கிடையாது, தாளம் போடவும் ஆள் இல்லை. அப்புறம் எப்படி ஒன்றாக எடுக்கிறார்கள் என்றுதானே கேட்பீர்கள்? நானும் அதையேதான் கவனித்தேன். முதல் வயலின்காரர் வில்லை வைக்கும் முன் மூக்கால் ஒரு மூச்சு இழுக்கிறார். என் இடம் வரை கேட்டது. எந்த வேகம் என்ற காலப்பிரமாணம் அந்த மூச்சிலேயே வந்துவிடுகிறது. மற்ற மூவருக்கும் ஒரு கண் தாளில், ஒரு கண் அவர் வில்லில்.

வாசித்தது ஹைடன் என்ற இசையமைப்பாளரின் ‘எம்பரர்’ என்ற படைப்பு. ஹைடன், வண்டிச் சக்கரம் செய்பவரின் மகன். இப்படி நால்வருக்காக மட்டும் 68 படைப்புகள் எழுதியிருக்கிறார். பாலுசுவாமி தீட்சிதர்தான் வயலினை நம் கச்சேரிக்குக் கொண்டுவந்தார் என்பீர்களே, அவர் பிறந்தது 1786. ஹைடன் இதே ஊரில் இறந்தது 1809. ஒரே காலத்தில் இருந்தவர்கள்!

‘எம்பரரின்’ இரண்டாம் பகுதிதான் விஷயம். 1797-இல் பேரரசருக்காகப் போட்ட மெட்டு அது; இன்றைக்கு ஜெர்மனியின் தேசிய கீதத்துக்கும் அதே மெட்டுதான். முதல் வயலின் வாசித்து முடித்ததும் இரண்டாம் வயலின், பிறகு செல்லோ, பிறகு வியோலா, கடைசியில் திரும்பவும் முதல் வயலின் என்று முறை வைத்து எடுக்கிறார்கள். நம் நிரவலில் பாட்டின் வரி நிற்கும், அதன் ஸ்வரம் மாறி ஓடும். இங்கே மெட்டு அசையாமல் நிற்கிறது, கூட வருவதுதான் மாறுகிறது. இரண்டாம் வயலின் முறையில் மற்ற இருவரும் சும்மா இருக்க, முதல் வயலின் மட்டும் பொடிப்பொடியாகச் சுற்றி ஓடுகிறது. செல்லோ எடுத்தபோதுதான் எனக்கு மயிர்க்கூச்செறிந்தது.

குறையும் உண்டு. எல்லாம் எழுதிவைத்தது, மனோதர்மத்துக்கு இடமே இல்லை. ஸ்வரத்தை அசைத்து வாசிக்கும் நம் கமகத்துக்குக் காது ஏங்கியது. பகுதிக்குப் பகுதி கைதட்டவும் மாட்டார்கள். அடக்கிவைத்த இருமலை அந்த இடைவெளியில் ஹால் முழுக்க இருமித் தீர்க்கிறார்கள். பாதியில் ‘பேஷ்’ போடும் உங்களை இங்கே கூட்டிவந்தால் என் பாடு திண்டாட்டம்தான்.

டிக்கெட் விலையை அம்மாவிடம் சொல்லாதீர்கள்.

டாமினன்ட் வயலின் தந்தி இந்த ஊர்த் தயாரிப்புதான் சித்தப்பா. எத்தனை செட் வேண்டும் என்று எழுதுங்கள், லீவுக்கு வரும்போது வாங்கி வருகிறேன்.

இப்படிக்கு,
உங்கள் அன்பு மகள்