ராத்திரி எதை நினைத்து விழித்திருக்கிறீர்கள்?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். முதியோரின் மன அழுத்தம் பற்றிச் சென்ற வாரம் உங்கள் நாளிதழில் வந்த கட்டுரையை இரண்டு முறை படித்தேன். மூச்சுப் பயிற்சி செய்யுங்கள், காலாற நடங்கள், பாட்டுக் கேளுங்கள் என்று எழுதியிருந்தார்கள். எல்லாம் நல்லவைதான், நானும் தினமும் விடியலில் நடக்கிறேன். ஆனால், 34 வருடம் அஞ்சலகக் கவுண்டரில் உட்கார்ந்து, ஓய்வு பெற்ற பிறகும் திருச்சி பொன்மலைப் பக்கம் வயதானவர்கள் நடுவிலேயே வாழ்கிற எனக்கு அதில் ஒரு குறை தெரிந்தது. எங்களுக்கு எதனால் மனசு அடித்துக்கொள்கிறது என்று யாரும் எங்களைக் கேட்பதில்லை.

எங்கள் தெருவில் 79 வயது அக்கா ஒருவர் இருக்கிறார். கணவர் பொன்மலை ரயில்வே பணிமனையில் வேலை பார்த்தவர். இப்போது குடும்ப ஓய்வூதியம்தான் வருமானம். ஓய்வூதியம் தொடர்ந்து வர, உயிரோடு இருப்பதற்கான சான்றை, அதாவது லைஃப் சர்டிபிகேட்டை, வருடா வருடம் கொடுக்க வேண்டும். போன நவம்பரில் அதற்காக வங்கிக்குப் போனார். கருவியில் கைரேகை விழவில்லை. சேலைத் தலைப்பால் துடைத்துத் துடைத்து ஒவ்வொரு விரலாக வைத்துப் பார்த்திருக்கிறார். பின்னால் வரிசை நீண்டிருக்கிறது. "அடுத்த வாரம் வாங்கம்மா" என்று அனுப்பிவிட்டார்கள்.

மூன்றாம் நாள் நான் பார்க்கப் போனபோது வாசல்படியில் உட்கார்ந்து விரல் நுனிகளில் தேங்காய் எண்ணெய் தடவிக்கொண்டிருந்தார். "ரேகையே தேஞ்சு போச்சும்மா. நான் உசுரோட இருக்கேன்னு எதைக் காட்டிச் சொல்றது?" என்றார். கையை வாங்கிப் பார்த்தேன். அறுபது வருடம் பாத்திரம் விளக்கி, மாவரைத்து, துணி துவைத்த விரல்கள். நுனி கூழாங்கல் மாதிரி வழவழவென்று இருந்தது. இரண்டு நாளாகச் சரியாகச் சாப்பிடவில்லை. 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் வீட்டுக்கு வருகிற பெண் அன்று அளந்தபோது ரத்த அழுத்தம் 180. மாத்திரையை ஒரு வேளைகூட விட்டவரில்லை.

அவர் நினைத்துக்கொண்டிருந்தது இதுதான்: நவம்பர் தாண்டினால் ஓய்வூதியம் ஒரேயடியாகப் போய்விடும். "அக்கா, சர்டிபிகேட் வரலைன்னா பணத்தை நிறுத்தி வைப்பாங்க. எப்போ கொடுக்கிறோமோ அப்போ நின்ன மாசத்துப் பாக்கியும் சேர்ந்து வந்துடும்" என்றேன். என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். "இதை ஒருத்தரும் சொல்லலியேம்மா" என்றார். அன்றிரவு தூங்கினார். கவனியுங்கள், சர்டிபிகேட் அன்று இன்னும் கொடுத்தபாடில்லை. விஷயம் தெரிந்ததே போதுமாக இருந்தது.

அதற்கடுத்த நாள் தபால்காரரை வரவழைத்தேன். 70 ரூபாய் கட்டணத்தில் அஞ்சலக வங்கி மூலம் வீட்டிலேயே இதைச் செய்து தருவார்கள். ரேகை அவரிடமும் விழவில்லை. முகத்தைக் காட்டிப் பதிவு செய்கிற முறை 2021 நவம்பரிலேயே வந்துவிட்டது. கைபேசியைப் பார்த்துக் கண்ணை இமைக்க வேண்டும். புரை அறுவை செய்த கண். வீட்டுக்குள் வெளிச்சம் போதவில்லை. திண்ணையில் வெயில் பார்த்து உட்காரவைத்தோம். மூன்றாவது தடவை ஏற்றுக்கொண்டது. அக்கா தபால்காரருக்கு மோர் கொடுத்தார்.

அதிலிருந்து, வயதானவர்கள் யாரைப் பார்த்தாலும் "ராத்திரி எதை நினைச்சு முழிச்சிருக்கீங்க?" என்று கேட்கிறேன். "எதையும் போட்டு மனசை அலட்டிக்காதீங்க" என்று நான் சொல்வதே இல்லை. பிள்ளைகள் தொலைபேசியில் அதைத்தான் சொல்கிறார்கள். பாசத்தில் சொல்கிறார்கள் என்று தெரியும். ஆனால் அதற்குப் பிறகு பெற்றவர்கள் வாயைத் திறப்பதில்லை.

அடுத்த தெருவில் ஒரு பெரியவர், ஓய்வு பெற்ற அரசு ஊழியர். என் கேள்விக்கு முதலில் "ஒண்ணுமில்லம்மா" என்றார். நான் எழுந்து கிளம்பும்போதுதான் சொன்னார். அவர் பேரில் வந்த பார்சலில் போதைப்பொருள் இருந்ததாகவும், 'டிஜிட்டல் கைது' செய்யப் போவதாகவும் யாரோ வீடியோ அழைப்பில் மிரட்டியிருக்கிறார்கள். சத்தம் கேட்டு மனைவி உள்ளே வந்ததால் இணைப்பைத் துண்டித்துவிட்டார். பணம் போகவில்லை. ஆனாலும் பதினோரு நாள் மகனிடம்கூடச் சொல்லவில்லை. கேட் சத்தம் கேட்டாலே உடம்பு தூக்கிப் போடுகிறது என்றார். "பயத்தைவிட வெட்கமா இருக்கும்மா. இவ்வளவு படிச்சும் நடுங்கிட்டேனே" என்றார். டிஜிட்டல் கைது என்று ஒன்று நம் சட்டத்தில் கிடையாது. இப்படி அழைப்பு வந்தால் 1930 என்ற எண்ணில் புகார் செய்யலாம். இரண்டையும் ஒரு அட்டையில் பெரிய எழுத்தில் எழுதித் தொலைபேசிக்குப் பக்கத்தில் ஒட்டினோம். அவர் மகனிடம் அன்றே பேசினார். நான் பக்கத்தில் இருந்தேன்.

என் கதையையும் சொல்ல வேண்டும். கணவர் போன பிறகு தினமும் இரண்டரை மணிக்கு விழிப்பு வரும். கழிவறைக்குப் போகும்போது வழுக்கி விழுந்தால் யாருக்குத் தெரியும், எத்தனை மணி நேரம் கிடப்பேன் என்ற ஒரே நினைப்பு. எவ்வளவு சாமி கும்பிட்டும் அது போகவில்லை. எதிர்வீட்டுப் பெண்ணிடம் ஒருநாள் வெட்கத்தை விட்டுச் சொன்னேன். அவர்தான் வழி சொன்னார்: "உங்க கேட்ல தொங்குற பால் பையை ஆறரைக்குள்ள எடுத்துடுங்கம்மா. அது தொங்கிக்கிட்டே இருந்தா நான் வந்து கதவைத் தட்டுறேன்." சாவி ஒன்று அவரிடம் கொடுத்துவைத்தேன். இரண்டு வருடமாகிறது. இடையில் காய்ச்சலில் அசந்து தூங்கிவிட்ட ஒருநாள் 6.35க்குக் கதவு தட்டப்பட்டது. அந்தச் சத்தத்தைக் கேட்டு நான் அழுதேன்.

ஆகவே இரண்டு வேண்டுகோள். வீடு தேடி வந்து ரத்த அழுத்தமும் சர்க்கரையும் பார்க்கிற சுகாதாரத் தன்னார்வலர்கள் பெரிய சேவை செய்கிறார்கள். "ராத்திரி தூங்குறீங்களா? எது உறுத்துது?" என்று ஒரு கேள்வியைக் கூடுதலாகக் கேட்க அரசு அவர்களுக்குச் சொல்லித்தர வேண்டும். பதிலை எழுதி ஆரம்ப சுகாதார நிலையத்தில் கொடுக்கட்டும். 14416 என்ற மனநல உதவி எண்ணுக்கு எந்த நேரத்திலும் கட்டணமில்லாமல் தமிழில் பேசலாம். முதியோருக்கென்றே 14567 இருக்கிறது. நான் கேட்டவர்களில் இந்த எண்களை அறிந்தவர் ஒருவர்கூட இல்லை. இவற்றையும் அவர்களே சொல்லலாம்.

இன்னொன்று உங்களிடம். ரேகை விழாவிட்டால் முகப்பதிவு உண்டு, தபால்காரர் வீட்டுக்கே வருவார், தாமதமானாலும் பாக்கிப் பணம் வந்துசேரும் என்ற மூன்றையும் பெரிய எழுத்தில் கட்டம் கட்டி வெளியிடுங்கள். மத்திய அரசு ஓய்வூதியர்களில் 80 வயது தாண்டியவர்கள் அக்டோபர் முதல் தேதியிலிருந்தே சர்டிபிகேட் கொடுக்கலாம் என்பதையும் சேருங்கள். எங்கள் தெரு அக்காவுக்கு இந்த வருடம் 80 நிறைந்துவிட்டது. அக்டோபர் முதல் வாரத்திலேயே வரச்சொல்லித் தபால்காரரிடம் சொல்லிவைத்திருக்கிறேன்.

இப்படிக்கு,
ஓய்வு பெற்ற அஞ்சலக ஊழியர்,
பொன்மலை, திருச்சி.