பாருஸ் கல்லில் ராஜா பெயர் இல்லை

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

சென்ற ஞாயிறு மலரில் இந்தோனேசியாவின் சுமத்ரா தீவில் வாழும் படாக் மக்களைப் பற்றி வந்த கட்டுரையைப் படித்தேன். பாருஸ் துறைமுகத்தைச் சோழர் பிடித்து ஆண்டார்கள், படாக் மக்கள் அந்தப் படையின் வாரிசுகள் என்பது அதன் சாரம். என் கடைக்கு வந்த இரண்டு மூன்று பேர் அதைச் சத்தமாகப் படித்தே காட்டினார்கள். கேட்கச் சுகமாகத்தான் இருந்தது. ஆனால் சரியில்லை.

நான் ரங்கூனில் நாட்டு மருந்துக் கடை வைத்திருக்கிறேன். சூடம், பச்சைக் கற்பூரம், சாம்பிராணி விற்றுப் பிழைக்கிறவனுக்குப் பழைய கற்பூரத் துறையான பாருஸ் மேல் ஒரு கண் இருக்கத்தானே செய்யும்? சுமத்ராவின் மேடான் நகரில் சொந்தக்காரர் வீட்டுக் கல்யாணத்துக்குப் போனபோது, எல்லோரும் தோபா ஏரி பார்க்கக் கிளம்ப, நான் மட்டும் வண்டி வைத்துக்கொண்டு பாருஸ் போய் வந்தேன். வீட்டில் இன்றுவரை அதைச் சொல்லிக் காட்டுகிறார்கள்.

முதலில் கட்டுரை சொல்லும் அந்தத் தமிழ்க் கல்வெட்டைப் பார்ப்போம். பாருஸை அடுத்த லோபு துவா கிராமத்தில் 1873-இல், டச்சுக்காரர் காலத்தில் கிடைத்தது. 1932-இல் வரலாற்றாசிரியர் நீலகண்ட சாஸ்திரியார் அதைப் பற்றி எழுதினார். பிறகு பேராசிரியர் சுப்பராயலு மறுபடி வாசித்துப் பல இடங்களைத் தெளிவாக்கினார். சக ஆண்டு 1010, மாசி மாதம், அதாவது கி.பி. 1088. வெட்டி வைத்தவர்கள் திசை ஆயிரத்து ஐந்நூற்றுவர் என்ற வணிகக் குழுவினர். ஊர் பெயரை வாரோசு என்று குறித்திருக்கிறார்கள். மரக்கலத்து நாயகனும் கெவிகளும் (கப்பல் ஆட்களும்) கஸ்தூரி விலையை ஒட்டி இவ்வளவு பொன் என்று செலுத்திவிட்டுத்தான் பாவாடை, அதாவது விரித்த துணி, ஏறவேண்டும் என்கிறது கல். கட்டண விவரம், அவ்வளவுதான். படிக்கக் கிடைக்கிற வரிகளில் எந்த ராஜாவும் இல்லை, படையெடுப்பும் இல்லை.

ராஜேந்திர சோழன் 1025-இல் கடல் கடந்து அடித்த ஊர்களை அவன் மெய்க்கீர்த்தி வரிசையாகச் சொல்கிறது. ஸ்ரீவிஜயம், பண்ணை, மலையூர், இலாமுரிதேசம், கடாரம் என்று நீளும் அந்த வரிசையில் வாரோசு கிடையாது. கட்டுரையாளர் 63 ஆண்டு இடைவெளியில் நடந்த இரண்டு விஷயங்களை ஒரே முடிச்சாகப் போட்டுவிட்டார்.

அப்புறம் அந்த மாமன் மகள் விஷயம். தோபா படாக் ஆண்கள் தாய்மாமன் மகளைக் கட்டுவதை விரும்புவார்கள், ஒரே குலத்துக்குள் கட்டமாட்டார்கள், ஆகவே அவர்கள் தமிழர் என்கிறார் அவர். நம் பர்மாவின் வடக்கே கச்சின் மலை மக்களிடமும் தாய்மாமன் மகள்தான் முறைப்பெண். அங்கே மியிட்சீனா நகரில் போய் அவர்களையும் சோழர் என்று சொல்லிப் பார்க்கட்டும், என்ன பதில் வருகிறது என்று கேட்க எனக்கும் ஆசை. சுமத்ராவில் வடக்கே காரோ மலையில் இருக்கிற காரோ படாக் மக்களின் செம்பிரிங் குலத்துக்குள் சோலியா, பாண்டியா, மெலியாலா என்ற பிரிவுகள் இருப்பது உண்மை. அதில் ஆராய இடமுண்டு, நானும் மறுக்கவில்லை. ஆனால் காரோ வேறு, பாருஸ் கரைக்கு மேலே இருக்கிற தோபா, பாக்பாக் வேறு. பெயர் வைத்திருப்பதாலேயே ஒரு மக்கள் கூட்டத்தை மொத்தமாக நம் கணக்கில் எழுதிக்கொள்ள முடியுமா?

கட்டுரையில் எனக்கு மனசு ஆறாத இடம் வேறு. கற்பூரத்தை நம் வணிகர் "கண்டுபிடித்ததாக" ஒரு வரி வருகிறது. பாருஸ் போகும் வழியில் மலைமேல் இருக்கிற தோலோக் சங்குலில் குளிர் அடிக்கும். அங்கிருந்து பக்காட் வழியாக வண்டி வளைந்து வளைந்து கடலை நோக்கி இறங்கும்போது இரண்டு பக்கமும் மலைக்காடு. அந்தக் காடுதான் சரக்கு. கற்பூரம் வெளியே தெரிகிற பொருள் இல்லை, அடிமரத்தின் வெடிப்புகளுக்குள் பளிங்கு மாதிரி படிந்து கிடக்கும். மரத்தை வெட்டிப் பிளந்தால்தான் இருக்கா இல்லையா என்று தெரியும், பல மரத்தில் ஒன்றும் இருக்காது. எந்த மரம், எந்தச் சரிவு என்று தெரிந்தவர் அங்குள்ள கிராமத்தார் மட்டுமே. நம் செட்டியார்கள் கரையில் தராசோடு காத்திருந்தார்கள். மார்க்கோ போலோ அந்தக் கற்பூரம் எடைக்கு எடை பொன்னுக்கு விற்றது என்று சொன்னானே, அந்தப் பொன்னுக்கு மூலம் மலைக்காரரின் கண்ணும் கோடரியும். இன்று அந்த மரமே அரிது. என் கடையில் டப்பியில் இருப்பதெல்லாம் பெரும்பாலும் தொழிற்சாலைச் சரக்குதான், அதையும் சொல்லிவிடுகிறேன்.

சாம்பிராணி மட்டும் இன்னும் அந்த மலையில் இருந்துதான் வருகிறது. பட்டையைக் கீறி விடுவார்கள், பால் வடிந்து இறுக மாதக்கணக்கில் ஆகும், பிறகு சுரண்டி எடுப்பார்கள். கட்டாயக் கல்யாணத்துக்குப் பயந்து காட்டுக்குள் ஓடி மரமாகிப்போன ஒரு பெண்ணின் கண்ணீர் அது என்று ஒரு கதை உண்டு. வண்டி ஓட்டிய படாக் பையன் இதைச் சிரிக்காமல் சொன்னான். அவன் ஞாயிற்றுக்கிழமை தவறாமல் தேவாலயம் போகிறவன்.

லோபு துவாவில் பார்க்க ஒன்றும் இல்லை என்று முன்கூட்டியே சொன்னார்கள். தென்னை, ரப்பர், இடையில் வீடுகள். கல்லும் அங்கே இல்லை, ஜகார்த்தா தேசிய அருங்காட்சியகத்துக்குப் போய்விட்டது. பிரெஞ்சுக்காரரும் இந்தோனேசியரும் 1990-களில் அங்கே தோண்டி, ஒன்பதாம் நூற்றாண்டில் இருந்து பதினொன்றின் முடிவுவரை ஓர் ஊர் செழித்திருந்ததைக் காட்டினார்கள். சீனத்துப் பீங்கான், மேற்காசியக் கண்ணாடி எல்லாம் கிடைத்தன. தமிழர் அங்கே தனியாக இருக்கவில்லை என்பதற்கு இது போதும். பாருஸில் பாப்பான் திங்கி என்ற மலைமேல் பழைய இஸ்லாமியக் கல்லறை இருக்கிறது. படி ஏறி என் முழங்கால் போனதுதான் மிச்சம், ஆனால் மேலே நின்றால் இந்துமாக்கடல் முழுசாகத் தெரியும். இந்தோனேசிய அரசு 2017-இல் அந்நாட்டு இஸ்லாத்தின் தொடக்கம் இதுதான் என்று பாருஸில் ஒரு நினைவுச் சின்னம் திறந்தது. படாக் கிறிஸ்தவர்களுக்கோ 1862-இல் நொம்மென்சன் பாதிரியார் வந்து தங்கிய இடம். இப்போது நாமும் சேர்ந்துகொண்டோம். எல்லோருக்கும் பாருஸ் வேண்டும், கற்பூரம் வெட்டியவனுக்கு மட்டும் அங்கே ஒரு கல் கிடையாது.

ஆண்டோம் என்று பேசுவதில் பர்மாத் தமிழர் கொஞ்சம் அடக்கமாக இருப்பது நல்லது. டெல்டா நெல் வயலில் ஏறக்குறைய கால்பங்கு ஒரு காலத்தில் நம் செட்டியார்கள் கைக்கு வந்தது. அந்தக் கணக்கு 1964-இல் நம்மவர் பர்மாவை விட்டுக் கப்பல் ஏறியபோது எப்படி முடிந்தது என்று வீட்டுப் பெரியவர்களைக் கேட்டால் தெரியும். பகானில் மியின்கபாவில் கிடைத்த 13-ஆம் நூற்றாண்டுக் கல்வெட்டில் மலைமண்டலத்துக் (கேரளத்து) குலசேகர நம்பி என்பவர் நானாதேசி விண்ணகரம் என்ற பெருமாள் கோயிலுக்கு ஒரு மண்டபமும், கதவும், எரிய ஒரு நிலைவிளக்கும் கொடுத்ததாகச் சொல்கிறார். பிழைக்க வந்த ஊரில் விளக்கு வைத்தவர், அவ்வளவுதான் அவர் சொல்லிக்கொண்டது. நம் ஊர்க் கல்லான அதைப் பற்றி மலரில் இதுவரை ஒரு பத்திகூட நான் பார்க்கவில்லை.

இன்னொன்று. 2025 நவம்பர் கடைசியில் புயல் மழையில் சுமத்ராவின் சிபோல்கா நகரும் தபானுலி தெங்கா மாவட்டமும் வெள்ளத்திலும் நிலச்சரிவிலும் சிக்கின. பாருஸும் லோபு துவாவும் அந்த மாவட்டம்தான். இரத்த உறவு என்று இத்தனை பெரிதாக எழுதியவர் அதைப் பற்றி ஒரு வரி எழுதியிருக்கலாம்.

கட்டுரையின் இரண்டாம் பகுதி அடுத்த ஞாயிறு வரும் என்று போட்டிருக்கிறீர்கள். அதற்கு முன் கல்வெட்டின் ஆண்டையும் அதில் ராஜா பெயர் இல்லாததையும் திருத்தமாக வெளியிடுங்கள். இடம் இல்லையென்றால் என் கடிதத்தில் முழங்கால் சமாசாரத்தை வெட்டிவிடலாம்.

நாட்டு மருந்துக் கடைக்காரர் ஒருவர்,
ரங்கூன்.